வாளிச் சத்தம்

எங்கள் காட்டுக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்பதைத்தான். மரங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கழிப்பறை தெரிந்தபிறகு, கொண்டுவந்த சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடலாம் என்பார்கள். அதற்கும் பிறகுதான் குதிரை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, மேடம். வயிற்றுப் பாடு தீர்ந்தால்தானே மனிதனுக்குக் கண் திறக்கிறது. இத்தனை வருடம் அந்த வாசலில் நின்று பதில் சொல்லிப் பழகியதால், யார் எதைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருவதில்லை. நீங்களும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இன்றைக்கு யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். வாசலில் நிற்கிற உங்கள் காவலர் என் கையில் இருந்த வாளியைப் பார்த்துவிட்டு, "பால் ஊத்தறவங்க பின்பக்கமா போங்க" என்றார். இது பால் வாளி இல்லை, தீவன வாளி. உங்கள் மேசைமேல் பேப்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நாளைக் காலையில் கால்நடை டாக்டர் வந்து பொட்டுக்கு ஊசி போடப்போகிறார். பொட்டு எங்கள் லாயத்துக் குதிரை. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதனால் அந்தப் பெயர். ஆளைக் காயப்படுத்திய குதிரை, இனி யாரையும் ஏற்ற முடியாது, யாரிடமும் கொடுக்கவும் முடியாது, ஆகவே முடித்துவிடலாம் என்று பேசி முடிவாகிவிட்டது. அந்த முடிவு என் வாக்குமூலத்தை வைத்து எடுக்கப்பட்டது. குதிரை எதையோ கண்டு மிரண்டு ஓடியது என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் சொன்னேன். அது பொய். பொட்டு மிரளவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. சொல் பேச்சுக் கேட்ட குதிரையைக் கொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

எங்கள் இடத்தை நீங்கள் அன்றைக்கு ஆம்புலன்ஸும் ஆட்களுமாகப் பார்த்தீர்கள். அது அதன் முகம் இல்லை. சாதாரண நாளில் அங்கே இலை விழுகிற சத்தம் கேட்கும். உள்ளே நுழைந்தால் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி, அதில் மர மேசைகள், குடிநீர்க் குழாய். அங்கிருந்து நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை. லாயத்திலிருந்து குதிரைகளுக்கு ஒரு பாதை. இரண்டும் ஓடைவரை போய்ச் சுற்றிக்கொண்டு, திரும்பும்போது ஒரு வளைவில் சேர்ந்து மறுபடி பிரிகின்றன. வளைவில் இடது பக்கம் லாயத்துக்குப் போகிற பாதை, அகலமாக, மணல் போட்டது. வலது பக்கம் மேசைகளுக்குப் போவது, நடக்கிறவர்களுக்கு மட்டுமானது. குறுகல், நல்ல இறக்கம். இறக்கத்தின் பாதியில் ஒரு கிழட்டு மரம் பாதைக்குக் குறுக்கே கையை நீட்டியதுபோல ஒரு கிளையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடந்து போகிறவர் தலையில் அது இடிக்காது. முதுகில் ஆள் இல்லாத குதிரையும் தாராளமாகப் போகலாம்.

லாயத்தைத் தொடங்கியவர் அப்பா. அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. காட்டுக்குள் கத்தக்கூடாது, குதிரைகள் மிரளும், வருகிறவர்களின் நிம்மதியும் கெடும். அதனால் குதிரையைக் கூப்பிட நாங்கள் குரல் கொடுப்பதில்லை. இந்த வாளியில் தீவனம் போட்டு ஆட்டுவோம். உள்ளே ஒரு கூழாங்கல் கிடக்கிறது, பார்த்தீர்களா, அது தகரத்தில் மோதுகிற சத்தம் ஓடைவரை கேட்கும். மேய்கிற குதிரை எங்கே இருந்தாலும் சத்தம் வந்த திசைக்கு ஓடி வரும். கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. ஆகவே இரண்டாவது சட்டம்: எந்தக் குதிரையின் முதுகிலாவது ஆள் இருந்தால், வாளியைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அடுப்பைத் தொடாதே என்று சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். என் தங்கை சின்ன வயதில் ஒருநாள் விளையாட்டாக வாளியை எடுத்து ஆட்டிவிட்டாள். அப்போது அப்பா ஒரு விருந்தாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. என் வாழ்நாளில் அவளை நான் கைநீட்டி அடித்தது அந்த ஒரு தடவைதான். அதன்பிறகு அவள் அந்தச் சட்டத்தை மறந்ததே இல்லை.

அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வயது வந்து, நடைப்பாதையில் ஆட்களை அழைத்துப்போய்ப் பறவை காட்டுகிறவளாக ஆனபிறகும் பாப்பாதான். அவளைப் பெற்ற கையோடு அம்மா போய்ச்சேர்ந்தார். அவளுக்குப் பால் புகட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். எனக்கும் ஒரு வரன் வந்தது. குதிரைகளுக்கு லாடம் அடிக்க வருகிறவர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் வந்து பேசிவிட்டுப் போன அன்றைக்குப் பாப்பா மூலையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். சோறு வேண்டாம் என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பிள்ளை என்னைப் பிரிய மாட்டாள் என்று புரிந்துகொண்டேன். லாடக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று போய்விட்டார். அதைப் பற்றி நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஒரு காரியத்துக்காக விட்டுக்கொடுத்தோம் என்றால், அந்தக் காரியம் பக்கத்திலேயே இருக்கும்வரை வருத்தம் தெரியாது.

பிறகு சர்வேயர் வந்தார். புதிய பாதை போடுவதற்காகக் காட்டை அளக்க அனுப்பியிருந்தார்கள். மூன்று கால் கருவியை மேசைகளுக்குப் பக்கத்தில் நட்டுவைத்து, ஒற்றைக் கண்ணால் வளைவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்வைக்கு மறைத்த புதர்களை வெட்டி ஒரு நேர்கோடாக இடைவெளி விட்டார். அவர் கருவி வளைவைப் பார்த்ததா, வளைவில் நின்று பறவை காட்டிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்ததா என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஆளைத் தப்பாகச் சொல்லமாட்டேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். என்னை அக்கா என்பார். குதிரை என்றால் பயம். இருந்தாலும் பாப்பாவுக்காக ஏறினார். பயப்படுகிறவர்களுக்கு நாங்கள் பொட்டைத்தான் கொடுப்போம். அதைவிடச் சாதுவான குதிரையை நான் பார்த்ததில்லை.

கிளையைப் பற்றி முதலில் சொன்னதும் அவர்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், ஏனென்றால் யோசனை என்னுடையது அல்ல.

"அக்கா, அந்தக் கெளைய வெட்டிடணும்" என்றார். "குதிரையில வர்றவங்க தெரியாம வலப்பக்கம் திரும்பிட்டா நேரா நெஞ்சுலயோ தலையிலயோதான் அடிக்கும். எறக்கம் வேற. குதிரை வேகத்த கொறைக்காது."

"எங்க குதிரைங்க அந்தப் பக்கம் திரும்பாது தம்பி. அப்படி பழக்கி வெச்சிருக்கோம்."

"திரும்பாதுதான். இருந்தாலும் சொல்லி வெக்கிறேன்."

சொன்னதோடு நிற்காமல் அந்தக் கிளையில் ஒரு சிவப்பு ரிப்பனையும் கட்டிவிட்டுப் போனார். ஆள் வைத்து வெட்டிவிடுகிறேன் என்றேன். அப்போது உண்மையாகவே வெட்டத்தான் நினைத்திருந்தேன்.

சேணம் வைக்கிற அறையில் ஒருநாள் நானும் பாப்பாவும் தோல் வார்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். கல்யாணம் முடிந்ததும் அவரோடு நகரத்துக்குப் போய்விடுவதாகவும், அங்கே வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகவும், மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுவதாகவும் சொன்னாள். நான் கோபப்படவில்லை. எண்ணெய்த் துணியை மடித்து வைத்துவிட்டு, லாடக்காரரை நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கே. ஏன்க்கா?"

"அன்னிக்கு நீ அழுத அழுகைக்குத்தான் வேணாம்னு சொன்னேன். உன்ன விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. உனக்கு எப்படி வருது?"

பாப்பா என்னைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, அது பல்வலி. கடவாப் பல்லு. சொன்னா புடுங்கிடுவாங்கன்னு பயந்துக்கிட்டு சொல்லல. அதுக்காகவா அவர வேணாம்னு சொன்ன?"

கேலியாகச் சொல்லவில்லை, பாவம். சிரித்து முடித்ததும் என் தோளில் சாய்ந்துகொண்டு கண் கலங்கினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல" என்றாள். நானும் சிரித்தேன். பல்வலியை வைத்து இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தோம். சேணங்களைத் துடைத்து முடித்து, ஆணிகளில் மாட்டி, எண்ணெய்த் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்பேன். கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அன்றைக்கு நடுங்கவில்லை.

மறுநாளிலிருந்து பொட்டுக்குக் கேரட் கொடுக்கத் தொடங்கினேன்.

இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. வாரநாட்களில் சாயங்காலம் ஆட்கள் வரமாட்டார்கள். பாப்பாவும் சர்வேயரும் வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மாடியா, தரையா, சமையலறைக்கு வெளிச்சம் வருமா என்று அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. நான் பொட்டுக்குச் சேணம் மட்டும் வைத்து வளைவுவரை நடத்திக்கொண்டு போவேன். வலப்பக்கப் பாதையின் வாயில் ஒரு தடுப்புக் கட்டை இருந்தது. அது உளுத்திருந்தது, பொய் இல்லை, உளுத்தேதான் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். பொட்டை அங்கேயே விட்டுவிட்டு, நான் மட்டும் மேசைகளுக்கு இறங்கி வந்து, வாளியை ஆட்டினேன்.

பொட்டு வரவில்லை. அது வளைவிலேயே நின்று என்னைப் பார்த்தது. நடக்கிறவர்கள் பாதையில் கால் வைக்கக்கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். வாளிச் சத்தம் ஒரு பக்கம் இழுக்க, பழகிய பழக்கம் இன்னொரு பக்கம் இழுக்க, அது தவித்த தவிப்பைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய் அதன் கழுத்தைத் தடவி மன்னிப்புக் கேட்டேன். கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது சுலபம். நல்ல பழக்கத்தை மறக்கடிப்பதுதான் பெரும்பாடு. கடிவாளத்தைப் பிடித்து நானே நடத்திக்கொண்டு வந்தேன். கிளைக்கு முன்னால் மறுபடி நின்றது. ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற துணி குதிரைக்கு ஆகாது. ரிப்பனை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு சிரமம் இல்லை. தினமும் கொஞ்சம், தினமும் கேரட். கடைசியில், வளைவில் விட்டுவிட்டு வந்து வாளியை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், பாய்ச்சலாக இறங்கி வந்து என் கையில் மூக்கை வைக்கும். சேணத்துக்கு மேலே கிளை ஒரு முழம்கூட இடைவெளி விடாது. ஒவ்வொரு தடவையும் அதைக் கவனமாகப் பார்ப்பேன், பொட்டுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று.

உங்கள் டீ ஆறுகிறது, மேடம். குடியுங்கள்.

சர்வேயரைக் கொல்ல நினைத்தேனா என்றால், இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் லாயத்தில் ஹெல்மெட் போட்டுத்தான் ஏறவேண்டும். அவர் அதன் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். ஒரு விலா எலும்பு, ஒரு தோள்பட்டை, அவ்வளவுதான் என் கணக்கு. அதோடு பயந்து ஓடிவிடுவார், பாப்பாவும் நாளடைவில் மறந்துவிடுவாள் என்று எண்ணினேன். ஒருவரை விலா எலும்போடு விட்டுவிடுகிறவளைக் கொலைகாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அன்றைக்கு நானே இருவரையும் ஏற்றிவிட்டேன். அவரைப் பொட்டின் மேல். பாப்பாவைக் கறுப்பன் மேல். கறுப்பன் துடுக்கு, அவள் சொன்னால்தான் கேட்கும். பாப்பா எப்போதும்போல ஹெல்மெட் போடவில்லை. காட்டிலேயே வளர்ந்தவள், சொன்னால் கேட்கமாட்டாள். தலையில் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருந்தாள். போகும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருவருக்குள்ளும் ஏதோ ரகசியம் இருப்பது முகத்தில் தெரிந்தது. என்னவென்று எனக்குத் தெரியாது.

வாளியோடு மேசைகளுக்கு வந்து நின்றேன். ஒரு மேசையில் வயதான கணவனும் மனைவியும் பிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு யார் முதலில் குடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. காற்றும் இல்லை. குதிரைகள் ஓடையைத் தாண்டித் திரும்பியதும் குளம்புச் சத்தம் தரை வழியாக எனக்குக் கால்களிலேயே தெரியும். அது வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இங்க கழிப்பறை எங்க இருக்கு?"

"குழாய்க்கு அந்தப் பக்கம், ஐயா. பச்சைக் கதவு. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகலா இருக்கும், தூக்கித் தள்ளுங்க."

அவர் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாளியை ஆட்டினேன்.

பொட்டு வந்தது. நான் பழக்கியபடி, ஒரு அடி பிசகாமல் வந்தது. நடுவில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த கட்டையைத் தரையில் போட்டதுபோல, அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை. பொட்டு என் கையில் மூக்கை வைத்தபோது சேணத்தில் யாரும் இல்லை. நான் கேரட்டைக் கொடுத்தேன். அது செய்ததற்கு அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

போய்ப் பார்த்தால், கிளைக்குக் கீழே கிடந்தது பாப்பா.

பாதி வழியில், ஓடைக்குப் பக்கத்தில், இருவரும் குதிரையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சர்வேயர் அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி என்னிடம் சொன்னார். "உங்களுக்குக் காட்டணும்னுதான் அக்கா மாத்திக்கிட்டோம். நான் கறுப்பன ஓட்டிக்கிட்டு வந்து எறங்கினா நீங்க சந்தோஷப்படுவீங்க, பரவாயில்ல இவன்னு நெனப்பீங்கன்னு அவதான் சொன்னா." அதுதான் அந்த ரகசியம். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் இப்போது கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். கேளுங்கள்.

"அது உங்க தங்கச்சின்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

அதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கால்நடை டாக்டருக்கு ஒரு ஃபோன் செய்யவேண்டும். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லவேண்டும். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பொட்டை வெறும் சேணத்தோடு அந்த வளைவில் நிறுத்தி, உங்கள் ஆள் ஒருவரை மேசைகளுக்குப் பக்கத்தில் நின்று இந்த வாளியை ஆட்டச் சொல்லுங்கள். அது எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஃபோன் செய்யாவிட்டால், மன்னிக்கவேண்டும், இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவசரம் இல்லை. நான் காத்திருக்கிறேன்.

நன்றி, மேடம். டாக்டர் குரல் இங்கேவரை கேட்டது. நல்ல மனிதர், அவருக்கும் அந்தக் குதிரையைக் கொல்ல மனம் இல்லை என்று தெரிந்தது.

பாப்பா கீழே கிடந்ததைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் அப்படித்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் நான் கேட்டதைச் செய்துவிட்டீர்கள். இனி உங்களிடம் மறைப்பது மரியாதை இல்லை.

சர்வேயர் வெட்டிவிட்ட இடைவெளி இருக்கிறதே, அதன் வழியாக மேசைகளிலிருந்து வளைவு நன்றாகத் தெரியும். பெரியவர் பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் திரும்பி வளைவைப் பார்த்தேன். முதலில் கறுப்பன் வந்து லாயப் பக்கம் திரும்பியது. அதன்மேல் ஹெல்மெட் போட்ட ஆள், இரண்டு கையாலும் கடிவாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, பயத்திலும் பெருமையிலும் முதுகு விறைத்துப்போய் இருந்தார். பின்னால் பொட்டு. அதன்மேல் மஞ்சள் துணி.

வாளி என் கையில் சும்மாதான் இருந்தது. ஆட்டியிருக்கவில்லை. ஆட்டாமல் இருந்தால் பொட்டு கறுப்பனுக்குப் பின்னால் லாயத்துக்குப் போயிருக்கும். பாப்பா இறங்கி ஓடிவந்து, அக்கா பார்த்தியா, அவர் கறுப்பனை ஓட்டிட்டார் என்றிருப்பாள். நானும் பரவாயில்லையே என்றிருப்பேன். அடுத்த வாரம் அவளைப் பெட்டியோடு வண்டி ஏற்றிவிட்டிருப்பேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் இவ்வளவையும் யோசித்தது எனக்கே ஆச்சரியம். இன்னொன்றையும் யோசித்தேன். சர்வேயர் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டிருந்தால் பாப்பா அவரை விட்டிருக்கவே மாட்டாள். அடிபட்ட பறவையைக்கூட மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண். அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு அவரோடேயே போயிருப்பாள். இத்தனை நாள் கேரட்டும் வீண், பொட்டு தவித்ததும் வீண். அவர் விழுந்தால் அவள் போய்விடுவாள். அவள் விழுந்தால் போகமாட்டாள். கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது. இதை எப்படி முதலிலேயே பார்க்காமல் விட்டேன் என்றுதான் தோன்றியது.

பிறகுதான் ஆட்டினேன்.

சத்தம் கேட்டதும் பாப்பா தலையைத் தூக்கி மேசைப் பக்கம் பார்த்தாள். இடைவெளி வழியாக என்னைப் பார்த்தாள், கையில் இருந்த வாளியையும் பார்த்தாள். அதற்குள் பொட்டு திரும்பிவிட்டது. "குனி" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். காட்டுக்குள் கத்தக்கூடாது, மேடம். அது அப்பா போட்ட சட்டம்.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்கிறார் ஆஸ்பத்திரி டாக்டர். ஜன்னல் ஓரமாகப் படுக்கை போட்டிருக்கிறேன். காலையில் முகம் துடைத்துத் தலை வாரி இரண்டு பின்னல் போடுவேன், பள்ளிக்கூடம் போகும்போது போட்டதுபோலவே. கூழ் கரைத்துக் கரண்டியால் ஊட்டுவேன். வாயைத் திறக்க நேரம் எடுத்துக்கொள்கிறாள், சின்னதிலும் அப்படித்தான் அடம் பிடிப்பாள். கொல்லையில் குதிரைகளுக்கு வாளியை ஆட்டினால் உள்ளே அவள் முகம் வெளுத்து உதடு துடிக்கும். பாவம், குதிரைகள் நினைவு வந்துவிடுகிறது என்று, அவளுக்காகப் பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டேன். அதனால்தான் இதை இங்கே கொண்டுவர முடிந்தது.

சர்வேயர் தினமும் மத்தியானம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்டால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அவரை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்கிறேன், ஆனால் அவரிடம் அதைச் சொல்லி நோகடிக்கவில்லை.

என்னை உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்று தெரியும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். சாயங்காலங்களில் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் வீட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள், காவலர் கூடவே வரட்டும். நான் இல்லாமல் அவள் தூங்கமாட்டாள். நர்ஸ் உள்ளே வந்தால் கண்ணை விழித்தபடியே கிடக்கிறாள், சர்வேயர் வந்தாலும் அப்படியேதான். நான் அறைக்குள் கால் வைத்ததும் உடனே இறுக்கிக் கண்ணை மூடிக்கொள்கிறாள், நான் வெளியே போகிறவரைக்கும் திறப்பதே இல்லை. என்னிடம் மட்டும்தான், மேடம், அவளுக்கு அவ்வளவு நிம்மதி.